செத்தவருக்கு ஒரு பேசும் வேஷம்

என் கணவருக்குப் பிணமாக நடிப்பதுதான் தொழில். வேறு மாதிரி சொல்லிப் பார்த்தேன், கௌரவமாக வரவில்லை. அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன். சீரியல்களில் கதை தொடங்கும்போதே செத்துக் கிடக்கும் அப்பா, மாமனார், முதலாளி என்று யாராக இருந்தாலும், வெள்ளைத் துணிக்கு அடியில் படுத்திருப்பவர் இவர்தான். ஒரு நாள் மீசையோடு, ஒரு நாள் ஒட்டுத்தாடியோடு. ஒரே ஆள் இத்தனை வீட்டில் சாகிறாரே என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. செத்தவன் முகத்தை யார் பார்க்கிறார்கள்? அழுகிறவளைத்தானே பார்க்கிறார்கள்.

மூச்சை அடக்குவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. நெஞ்சு அசையாது, இமை துடிக்காது. ஷூட்டிங்கில் அவருக்குச் 'செத்தவர்' என்றே பேர். "செத்தவருக்கு டீ குடுத்தாச்சா?" "செத்தவரைக் காணோமே, பாத்ரூம் போயிருக்காரா?" என்றுதான் பேசிக்கொள்வார்கள். இவரும் சிரித்துக்கொண்டே போவார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

என் அண்ணனுக்குப் பெயின்ட் கடை இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவன், காப்பியைக் குடித்து முடித்துவிட்டு இவரிடம் சொன்னான்: "மாப்பிள்ளை, இந்த வருஷம் முடியற வரைக்கும் பாருங்க. அதுக்குள்ள பேசற வேஷம் ஒண்ணாவது கிடைச்சா நான் எதுவும் சொல்லல. இல்லேன்னா கடைக்கு வந்துடுங்க. கல்லாவுல உக்கார நம்பிக்கையான ஆள் இல்லாம நானும் தவிக்கிறேன்."

இவர் சரி என்று தலையாட்டிவிட்டார். அன்று முழுக்க முகத்தில் ஈயாடவில்லை. அண்ணன் கெட்டவன் இல்லை, அவன் சொன்னதிலும் தப்பில்லை. ஆனால் நடிப்பை விட்டுவிட்டு டிஸ்டெம்பர் டப்பாக்களுக்கு நடுவில் உட்கார்ந்தால் இந்த மனுஷன் நிஜமாகவே செத்துப்போவார் என்று எனக்குத் தெரியும். அதனால் நானே களத்தில் இறங்கினேன்.

எனக்கு ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேஜையில் வேலை. அங்கே வருகிறவர்கள் பாதி உயிரோடுதான் வருவார்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டு, "பொண்ணு பரீட்சை எப்படி எழுதினா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், பயம் தெளிந்துவிடும். அடுத்த முறை தங்கையையும் கூட்டிக்கொண்டு வருவார்கள். இந்த ஒரு வித்தை இவருக்கு வந்தால் எங்கேயோ போய்விடுவார் என்பது என் கணக்கு.

"நாலு பேரோட பழகணுங்க. வேஷம் குடுக்கற இடத்துல நம்ம மூஞ்சி ஞாபகம் இருக்கணும்" என்றேன்.

"எனக்கு எல்லாரையும் தெரியுமேம்மா."

"உங்களுக்கு எல்லாரையும் தெரியும். உங்களை யாருக்குத் தெரியும்?"

இவர் எழுந்து போய்த் துணி காயப்போட்டார்.

வாய்ப்பு தானாகவே வந்தது. இவர் மூன்று பேராகச் செத்திருந்த ஒரு சீரியல் முடிந்து, ஓட்டல் ஒன்றில் விருந்து வைத்தார்கள். குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். நடிகர்களைத் தேர்வு செய்கிற மேடமும் வருவார் என்று தெரிந்தது. அடுத்த சீரியலுக்குப் பேசுகிற அப்பா ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறாராம். இவருக்கு இஸ்திரி போட்ட சட்டையை மாட்டி, போகிற வழியெல்லாம் பாடம் நடத்திக்கொண்டே கூட்டிப்போனேன்.

மேடம் சோபாவில் உட்கார்ந்திருந்தார். இவர் முன்னால் போய் நின்று, "வணக்கம் மேடம், நல்லா இருக்கீங்களா?" என்றார். மேடம் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் ஒன்றுமே இல்லை. குடித்து முடித்த ஜூஸ் டம்ளரை இவர் கையில் கொடுத்துவிட்டு, "இன்னொண்ணு, ஐஸ் வேண்டாம்" என்றார்.

இந்த மனுஷன் டம்ளரை வாங்கிக்கொண்டு ஜூஸ் எடுத்துவரக் கிளம்பிவிட்டார்! எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஓட்டலையே கொளுத்தியிருப்பேன். ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்து, மேடத்துக்கு எதிர் நாற்காலியில் உட்கார வைத்தேன்.

"கண்ணை மூடுங்க."

"எதுக்கும்மா?"

"மூடுங்கன்னா மூடுங்க!"

மூடினார். தலை லேசாகச் சாய்ந்தது, கை தொங்கியது, மூச்சு நின்றது. மேடம் குனிந்து பார்த்தார். "அய்யய்யோ!" என்று துள்ளி எழுந்தார். "நம்ம செத்தவர்! டேய், எல்லாரும் இங்க வாங்க, செத்தவர் வந்திருக்கார்!"

எல்லாரும் கூடிவிட்டார்கள். அத்தனை வருஷம் கூட வேலை செய்தவர்களில் பலருக்கு இவரைக் கண் திறந்து, தலை சீவி, சட்டை போட்டுப் பார்த்தால் அடையாளம் தெரியவில்லை. கண்ணை மூடியதும் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். இவர் அசடு வழிய நின்றார். மேடம் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களை மாதிரி யாராலும் சாக முடியாதுங்க. தப்பா நினைச்சுக்காதீங்க" என்றார்.

இதுதான் சமயம் என்று நான் புகுந்தேன். "மேடம், அந்த அப்பா வேஷத்துக்கு இவரை ஒரு தடவை பாருங்களேன்."

மேடம் இவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கிண்டலே இல்லாமல், நிஜமான சந்தேகத்தோடு, "இவர் பேசுவாரா?" என்று கேட்டார்.

"வீட்ல நல்லா பேசுவார்" என்றேன். மேடம் சிரித்துவிட்டு, அடுத்த வாரம் ஆடிஷனுக்கு வரச் சொன்னார்.

வசனத்தை அனுப்பி வைத்தார்கள். அடுப்படியில் நான் மகளாக நின்றேன், இவர் அப்பாவாக உட்கார்ந்தார். "ஆக்‌ஷன்" என்றேன். படக்கென்று கண் மூடிக்கொண்டது. மூச்சும் நின்றது.

"என்னங்க, விளையாடறீங்களா?"

"இல்லம்மா, சத்தியமா. அந்த வார்த்தையைக் கேட்டாலே உடம்பு தானா அடங்கிடுது."

மறுபடி மறுபடி சொல்லிப் பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் செத்தார். அந்த வார்த்தை இல்லாமல் பேசச் சொன்னால் அருமையாகப் பேசினார். கடைசியில் நான் 'ஆக்‌ஷன்' சொல்வதையே விட்டுவிட்டேன். ஆனால் அங்கே சொல்வார்களே!

ஆடிஷன் அன்று விடுப்புப் போட்டுவிட்டுக் கூடவே போனேன். ஒரு சின்ன அறை. கேமரா, இரண்டு நாற்காலி, சுவரில் கறுப்புத் துணி. மகளாகப் பேச ஒரு பெண் வந்திருந்தாள். இப்போது நன்றாகப் பேர் வாங்கிக்கொண்டிருக்கிறவள். கேமராவுக்குப் பின்னால் நரைத்த தாடியோடு ஒரு கேமராமேன். நான் கதவோரம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

மேடம் "ஆக்‌ஷன்" என்றார். இவர் கண்ணை மூடினார்.

"அப்பா, என்னைத் திட்டுங்கப்பா. எதாவது பேசுங்க" என்றாள் அந்தப் பெண். அப்பா பேசவில்லை. அப்பாவுக்கு மூச்சே இல்லை.

"பரவாயில்ல, பதற்றப்படாதீங்க" என்று மேடம் மறுபடி ஆரம்பித்தார். மறுபடியும் அதேதான். இன்னொரு முறையும் அதேதான். இவர் நெற்றியில் வியர்வை வழிந்தது. எனக்குக் கண் முன்னால் பெயின்ட் டப்பாக்கள் அடுக்கடுக்காகத் தெரிந்தன. மேடம் காகிதங்களை ஒன்றுசேர்த்துத் தட்டினார். "சரிங்க, இன்னொரு சமயம் பார்க்கலாம்."

அப்போது கேமராமேன், "மேடம், ஒரே ஒரு டேக். நான் சொல்றேன்" என்றார்.

அவரே "ஆக்‌ஷன்" என்றார். இவர் வழக்கம்போல் செத்தார். கேமராமேன் லென்ஸ் வழியாக இவர் நெஞ்சையே பார்த்தார். பிறகு உரக்க, "கட்!" என்றார். சொல்லிவிட்டுக் கேமராவை நிறுத்தவில்லை. பேசாதீர்கள் என்று எங்களைப் பார்த்து உதட்டில் விரலை வைத்துவிட்டு, அந்தப் பெண்ணுக்கு மட்டும் கண்ணைக் காட்டினார்.

இவர் கண்ணைத் திறந்தார். மூச்சை இழுத்துவிட்டார். முடிந்துபோயிற்று என்ற நினைப்பு, தோள் தளர்ந்திருந்தது. எதிரில் இருந்த பெண், "அப்பா, என்னைத் திட்டுங்கப்பா. எதாவது பேசுங்க" என்றாள்.

"பேசணும்னுதான் இருந்தேன்" என்றார் இவர். "நீ வீட்டை விட்டுப் போன அன்னிக்கே பேசியிருக்கணும். பஸ் வரைக்கும் பின்னாடியே வந்தேன். நீ பார்க்கல. பெட்டியைத் தூக்க முடியாமத் தூக்கினே. குடு, நான் தூக்கறேன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. வெளிய வரலம்மா."

எழுதிக் கொடுத்த வசனம்தான். அடுப்படியில் நூறு தடவை கேட்டதுதான். ஆனாலும் அந்தப் பெண் அழ ஆரம்பித்துவிட்டாள், அது வசனத்தில் இல்லை. மேடம் கையிலிருந்த காகிதத்தைக் கீழே வைத்தார்.

மேடமும் இவரும் அந்தப் பெண்ணும் உள்ளே பேசட்டும் என்று நான் வெளியே வந்து நின்றேன்; பின்னாலேயே கேமராமேனும் வந்தார். "எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?" என்று அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"வருஷக்கணக்கா லென்ஸ் வழியா இவர் நெஞ்சைத்தானேம்மா பார்க்கிறேன்? 'கட்'னு சொன்னாத்தான் அதுக்கு உயிர் வரும். உயிர் வந்ததும் இவர் பண்ற முதல் வேலை என்ன தெரியுமா? மேல விழுந்து அழுத பொண்ணைப் பார்த்து, 'நல்லா அழுதேம்மா, போய்த் தண்ணி குடி'ன்னு சொல்றதுதான். உள்ள இருக்கே, அந்தப் பொண்ணு முதல் முதலா நடிச்சப்ப அழுகையே வராம மாட்டிக்கிச்சு. இவர் அசையாமப் படுத்துக்கிட்டே, அது காதுல மட்டும் விழற மாதிரி, 'அவசரம் இல்லம்மா, நான் இங்கதான் இருக்கேன்'னு சொல்லியிருக்கார். இன்னிக்கு இவருக்கு ஆடிஷன்னு கேட்டதும் தானா வந்து நிக்குது. நானும் ஆடிஷனுக்கெல்லாம் வர்ற ஆள் இல்லம்மா."

அடப்பாவி மனுஷா, இதையெல்லாம் வீட்டில் ஒரு வார்த்தை சொன்னாரா! இவருக்குப் பழகத் தெரியாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேனே. வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

மேடம் என்னை உள்ளே கூப்பிட்டார். "அப்பா கிடைச்சுட்டார். ஷூட்டிங்ல இவருக்கு மட்டும் 'கட்' சொல்லித்தான் ஆரம்பிக்கணும் போல. பரவாயில்ல, சமாளிச்சுக்கறோம்."

இவருக்குப் பேச்சு வரவில்லை. எனக்கு வந்தது. இந்தத் தொழிலைப் பற்றி எனக்குத் தெரியாதா? மனதில் பட்டதைக் கேட்டுவிட்டேன்.

"மேடம், மறைக்காமச் சொல்லுங்க. இந்த அப்பா எந்த வாரத்துல சாகறார்?"

மேடம் மெதுவாகச் சொன்னார்: "சாகலைங்க. கடைசி எபிசோடுல பேத்திக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக்குடுக்கறார்."

அவ்வளவுதான், நான் உடைந்துவிட்டேன். யார் இருக்கிறார்கள், யார் பார்க்கிறார்கள் என்று எதுவும் தோன்றவில்லை. அங்கேயே நின்று முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். இவர் பதறிப்போய்ப் பக்கத்தில் வந்து, என் காதோடு, "ஏம்மா, எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாதே. இப்பவே சொல்லிடறதுதானே நியாயம்?" என்றார்.

"கத்துக்கலாங்க" என்றேன். "இன்னும் நிறைய நாள் இருக்கு."