விலாசம் இல்லாத குட்டை

"குருவி பேசுறேன். வயசு இருபத்தி மூணு. இப்ப நிக்கிற இடம், ரயில் பாதைக்கும் கிடங்குகளுக்கும் நடுவுல ஒரு புதர்க்காடு" என்று கைபேசியை வாயருகே பிடித்துச் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் பேசப் பேச அது எழுத்தாகிக்கொண்டே வந்தது. காவல் நிலையத்தில் வாக்குமூலம் கொடுக்கிறவன் மாதிரி ஆரம்பிக்கிறாயே என்று அக்கா ஒவ்வொரு முறையும் கேலி செய்வாள். ஆனால் அவள் வாசித்துக் காட்டும்போது அம்மா முதலில் கேட்பது, பிள்ளை எங்கே இருக்கிறான் என்பதைத்தான். ஊரை விட்டு வந்த பதினான்கு மாதங்களில் அவன் அனுப்பிய செய்திகள் எல்லாம் அப்படித்தான் தொடங்கின. எல்லாவற்றிலும் அவன் நன்றாக இருந்தான்.

குழந்தைகள் காப்பகத்தில் உதவியாளர் வேலை. மூக்குத் துடைப்பது, செருப்பு மாட்டிவிடுவது, புதன்கிழமை மதியம் ஆறு பேரை இயற்கை பார்க்கக் கூட்டிப்போவது. நகரத்தின் அந்தப் பக்கத்தில் இயற்கை என்று மிச்சமிருந்தது இந்தப் புதர்க்காடும் அதன் நடுவில் ஒரு மழைக்குட்டையும்தான். நீளக் கயிற்றில் ஆறு வளையங்கள், வளையத்துக்கு ஒரு குழந்தை. வளையத்தை விடக் கூடாது, தார்ப்பாதையை விட்டு இறங்கக் கூடாது. மேலாளர் அம்மாவின் உத்தரவு அது. தார்ப்பாதையிலிருந்து தெரிவதோ ஒரு குப்பைத்தொட்டியும் ஓர் அறிவிப்புப் பலகையும். ஐந்து வயதுக்காரி ஒருத்தி, ஓயாமல் கேட்பதால் எல்லோருக்கும் அவள் 'கேள்வி', போன வாரமும் இந்த வாரமும் அதே இடத்தில் நின்று, "இயற்கை எங்கண்ணா இருக்கு?" என்று கேட்டாள். அவனுக்குப் பொறுக்கவில்லை. இறக்கிக் கூட்டிப்போனான். குட்டையில் தலைப்பிரட்டைகள் கரும்புள்ளிகளாய் மொய்த்துக் கிடந்தன. கயிற்றை அவிழ்த்துவிட்டான். குழந்தைகள் குப்புறப் படுத்துத் தண்ணீரையே பார்த்தார்கள். செய்திகளில் தான் வர்ணிக்கும் அந்த ஆள் முதல்முறையாக நிஜமாகவே இங்கே நிற்பது போல அவனுக்கு இருந்தது. சாயங்காலம் வரை காத்திருக்க முடியாமல்தான் திரும்பி நின்று அக்காவிடம் பேசத் தொடங்கினான்.

இரண்டு நிமிடம் பேசியிருப்பான். அனுப்பும் முன் திரையைப் பார்த்தான். "புள்ளைங்க நான் சொன்னா அப்படியே கேக்குதுங்கக்கா அண்ணா கால் வரலை ஒருத்தர்கூட சத்தம் போடலை அண்ணா என் கால் வரலை இந்த வேலை எனக்குன்னே செஞ்ச மாதிரி அண்ணா."

அவன் காதில் விழாதது கைபேசியின் காதில் விழுந்திருந்தது.

குட்டையின் மறுகரையில் மழைநீர்க் குழாயின் வாயை மறித்து இரும்புக் கம்பிகள். உள்ளே போன தவளையின் பின்னால் கேள்வி காலை விட்டிருக்கிறாள். சேற்று ஈரத்தில் வழுக்கி முழங்கால் தாண்டிப் போய்விட்டது, திரும்பி வரவில்லை. அவன் மண்டியிட்டு மெதுவாக இழுத்தான். குடிதண்ணீரை ஊற்றினான். வெயிலுக்குப் பூசும் களிம்பைத் தீரும்வரை தடவினான். ஒவ்வொரு முயற்சிக்கும் முழங்கால் இன்னும் கொஞ்சம் வீங்கியது. ஏழு வயதில் எல்லோரையும் திருத்துகிற ஒருவனுக்கு 'வாத்தியார்' என்று பெயர். அவன் மற்ற நால்வரையும் கயிற்றில் மாட்டி உட்காரவைத்துவிட்டு வந்து, கம்பி வளையாது, கால்தான் வளையணும், ஆனா அது ஏற்கெனவே வளைஞ்சிருக்கு என்று நிலவரத்தைத் தெரிவித்தான்.

இருபது நிமிடம் இப்படிப் போனது. அவனுடைய வேலை அனுமதி அடுத்த மாதம் முடிகிறது. புதுப்பிக்கும் தாளில் மேலாளர் அம்மா கையெழுத்துப் போட வேண்டும். தானாகவே எடுத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. இன்னும் ஒரே ஒரு தடவை, இன்னும் ஒரே ஒரு தடவை என்று மனசு அவனை இழுத்துக்கொண்டே இருந்தது. கேள்வியின் பாதம் வெளுத்திருப்பதைக் கம்பிக்குள் எட்டிப் பார்த்தபோதுதான் அவசர எண்ணை அழுத்தினான்.

எடுத்த பெண் நிதானமாகப் பேசினாள். கதவு எண் கேட்டாள், தெரு கேட்டாள். குட்டைங்க, ரயில் பாதைக்கும் கிடங்குக்கும் நடுவுல என்றான். குட்டைக்கு விலாசம் என்ன என்றாள். வண்டி பத்து நிமிடத்தில் கிடங்குப் பக்கம் பெரிய ரோட்டுக்கு வந்துவிடும். ஆனால் அங்கிருந்து ஒரே மாதிரி ஏழெட்டு ஒற்றையடிப் பாதைகள் உள்ளே வருகின்றன. யாராவது ரோட்டில் நின்று வழி காட்ட வேண்டும், குழந்தையை விட்டு நீங்கள் நகரக் கூடாது என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தாள். அவன் கேள்வியைப் பிடித்துக்கொண்டு ரோடு இருக்கும் திசையைப் பார்த்தான். லாரிகள் பறக்கும் ரோட்டுக்கு வாத்தியாரை அனுப்ப முடியாது. மேலாளர் அம்மா புதன்கிழமைகளில் நான்கு மணிவரை கூட்டத்தில் இருப்பார். அழைத்துப் பார்த்தான், மணி அடித்து ஓய்ந்தது. மிச்சமிருந்தது ஒன்றுதான்: கைபேசியில் இருந்த பெற்றோர் குழு. முப்பத்தி இரண்டு பேர். எல்லோர் வீடும் இங்கே பக்கத்திலேயேதான். அதில் இதுவரை அவன் கட்டைவிரல் குறியைத் தவிர எதுவும் போட்டதில்லை. போட்டால் ஒரே நேரத்தில் முப்பத்தி இரண்டு பேருக்கும் தெரியும். கூட்டம் முடிந்ததும் மேலாளர் அம்மாவுக்கும்.

கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கேள்வி அழுது முடித்திருந்தாள். அவன் முகத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"ஃபோன்ல சொன்னா திட்டுவாங்களா?"

"ம்."

"உங்களையா, என்னையா?"

"என்னைத்தான்டா கண்ணு."

அவள் யோசித்தாள். "அப்போ நான்தான் கயித்தை விட்டுட்டு ஓடிட்டேன்னு சொல்லுங்க. எங்கம்மா என்னை லேசாத்தான் திட்டுவாங்க."

வாத்தியார் வாயைத் திறந்தான், திருத்துவதற்குத்தான். ஆனால் என்ன நினைத்தானோ, மூடிக்கொண்டு குருவியையே பார்த்தான். ஐந்து பேரும் பார்த்தார்கள். அவளே சொல்லிக்கொடுத்துவிட்டாள், தலையை ஆட்டினால் போதும். அந்த ஒரு கணம் அவன் தலை ஆடத்தான் பார்த்தது.

அக்காவுக்கான செய்தி இன்னும் அனுப்பப்படாமல் திரையிலேயே கிடந்தது. அவன் அதை அழிக்கவில்லை. அப்படியே விட்டுவிட்டுக் குழுவைத் திறந்தான். இரண்டு கையாலும் அவளைத் தாங்க வேண்டியிருந்ததால் வாத்தியாரைக் கைபேசியை வாயருகே பிடிக்கச் சொன்னான். தூரத்தில், எந்தப் பாதை என்று தெரியாமல், ஒரு சைரன் வந்து நின்று மறுபடி கிளம்பியது. தலைப்பிரட்டைகள் எதையும் பொருட்படுத்தாமல் கம்பிகளுக்குள்ளே போவதும் வருவதுமாக இருந்தன.

"குழந்தைங்க ஆறு பேரும் என்கூடத்தான் இருக்காங்க. ஒரு பாப்பாவோட கால் மழைத்தண்ணிக் குழாய்க் கம்பியில மாட்டிக்கிச்சு. அவ ஓடலை. கயித்தை அவிழ்த்தது நான். தார்ப்பாதையை விட்டு இறக்குனதும் நான். அவ கூப்பிட்டப்ப நான் ஃபோன்ல பேசிட்டு இருந்தேன். வண்டி கிடங்குப் பக்கம் வழி தெரியாம சுத்துது. இதைப் படிக்கிறவங்க யாரா இருந்தாலும் சரி, என்னை அப்புறம் என்ன வேணா கேளுங்க, இப்ப பெரிய ரோட்டுக்கு ஓடிப்போய், கிடங்குல இருந்து மூணாவது மின்கம்பத்துக்கிட்ட நின்னு கையைக் காட்டுங்க."