அழுத்தாதவள்

எங்கள் ஆஸ்பத்திரியில் எது ஓடாவிட்டாலும் என் தலைதான் உருளும். பிரிண்டர் மக்கர் பண்ணினால் நான், நெட் படுத்தால் நான், கீபோர்டில் எவனாவது காபியைக் கொட்டினாலும் நான். என் பெயரே எல்லோருக்கும் மறந்துபோய், 'கம்ப்யூட்டரண்ணா' என்று ஆகிவிட்டேன்.

இதில் பெரிய ரோதனை ஊழியர்களுக்கான வெப்சைட். விடுப்பு, இடமாற்றம் எல்லாம் அதில்தான் கேட்க வேண்டும். அதன் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகி மாமாங்கம் ஆகிறது. திறந்தாலே திரை முழுக்கச் சிவந்து, இது பாதுகாப்பானதல்ல, உங்கள் பாஸ்வேர்டு திருடு போகலாம் என்று அலறும். சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டியது தலைமை அலுவலகம். கேட்டால் "பாக்குறோம்" என்பார்கள். நன்றாகப் பார்த்தார்கள்! கத்திக் கத்தி என் தொண்டை வற்றியதுதான் மிச்சம்.

ஊழியர்கள் அதற்குப் பழகிவிட்டார்கள். அடியில் பொடி எழுத்தில் 'ஆபத்தை ஏற்றுத் தொடர்க' என்று இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு அதை அழுத்தி உள்ளே போய்விடுவார்கள்.

இதே தலைமை அலுவலகம்தான் வருஷா வருஷம் பாதுகாப்பு வகுப்பும் எடுக்கச் சொல்கிறது. சிவப்புப் பக்கம் வந்தால் எதையும் அழுத்தாதீர்கள், என்னிடம் சொல்லிவிட்டுக் காத்திருங்கள் என்று நானும் ஒப்பிப்பேன். பின்வரிசையில் குறட்டை, முன்வரிசையில் செல்போன். யார் காதிலும் ஏறாது என்கிற தைரியத்தில்தான் வாயைத் திறப்பதே.

ஒருத்தி காதில் ஏறியிருக்கிறது. பிரசவ வார்டில் புதிதாகச் சேர்ந்த நர்ஸ். இன்று டியூட்டி முடிந்து, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணா, அந்த சைட் இன்னும் சரியாகலையா? இன்னைக்குத்தான் கடைசி நாள்."

"எதுக்கும்மா கடைசி நாள்?"

"டிரான்ஸ்ஃபருக்கு. எங்க ஊர்க் கிளையில ஒரு இடம் காலியா இருக்கு."

அவள் கணவனும் மூன்று வயது மகளும் அந்த ஊரில் இருக்கிறார்கள். பிள்ளையை மாமியார் வளர்க்கிறார். இவள் இங்கே ஹாஸ்டலில். அது ஆஸ்பத்திரிக்கே தெரிந்த கதை.

"அட, அடியில இருக்கறத அழுத்திட்டு உள்ள போக வேண்டியதுதானே! எல்லாரும் அப்படித்தானே போறாங்க?"

"அழுத்தவே கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? போன வாரம் படியில பாத்துக் கேட்டேன். மேல சொல்லியிருக்கேன்னீங்க. அதான் காத்திருந்தேன்."

எனக்குச் சுருக்கென்றது. சொன்னேன்தான். அவள் விடுப்புக்காகக் கேட்கிறாள் என்று நினைத்து, எதற்கு என்றுகூடக் கேட்காமல், கையில் ஒயரோடு படியிறங்கிப் போனேன்.

"உட்காரும்மா" என்று என் நாற்காலியைத் தள்ளிக் கொடுத்தேன். சிவப்புப் பக்கம் வந்தது. அவள் விரல் மவுஸ் மேலேயே நின்றது. "ஒண்ணும் ஆகாது, நான் சொல்றேன்ல, அழுத்து" என்றேன். அழுத்தினாள். உள்ளே போனதும் ஊரைத் தேடி எடுத்தாள். பக்கத்திலேயே 'இடம் நிரம்பியது' என்று இருந்தது.

"கடைசி நாள் இன்னைக்குத்தானே அண்ணா?"

"மொதல்ல கேட்டவங்களுக்குக் குடுத்துடறாங்கம்மா."

அழுவாள் என்று பயந்தேன். அழவில்லை. அழுதிருந்தாலாவது ஏதாவது சொல்லியிருப்பேன். திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தலைமை அலுவலகத்தின் மேல் வந்த ஆத்திரத்தில் போனை எடுத்து, எடுத்த வேகத்திலேயே வைத்தேன். யாரிடம் என்னத்தைக் கேட்பது? மறுபடியும் பாக்குறோம் என்பார்கள்.

"இனி அடுத்த வருஷந்தானா?"

"ஆமாம்மா."

"ஏற்கெனவே போன்ல கூப்பிட்டா வர மாட்டேங்குறா. பாட்டிதான் அவளுக்கு எல்லாம்."

எழுந்து நாற்காலியை மேஜைக்கடியில் ஒழுங்காகத் தள்ளி வைத்தாள். வாசல்வரை போய்த் திரும்பினாள்.

"அழுத்துனவங்களுக்கு ஏதாவது ஆச்சா அண்ணா?"

"யாருக்கு?"

"மத்தவங்களுக்கு. இத்தனை நாளா அழுத்திட்டுப் போறாங்களே. யாருதாவது திருடு போச்சா?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் அதற்கு வாய் வரவில்லை.

"இல்லம்மா. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலை."