விசையைத் தொடாத விரல்

தம்பி ஆர்வோ தன் பழைய ரைஃபிளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தபோது லோர்னா அதைத் தொடவில்லை. துப்பாக்கி பழுது பார்ப்பதுதான் அவள் தொழில். ஆனாலும் இந்த ஒன்றைத் திறக்க மனம் வரவில்லை.

போன வருட மான் வேட்டை சீசனின் முதல் நாள், உறைபனிக் காலையில், வேட்டைக் குடிசை வாசலில் அவன் தோட்டா ஏற்றும்போது இது வெடித்து, அவள் கணவன் வெண்டலின் பாதத்தைத் துளைத்துவிட்டது. விசையைத் தொடவே இல்லை என்று ஆர்வோ அன்றிலிருந்து சாதிக்கிறான். அவன் விரல் விசையில் இருந்ததைக் கண்ணால் பார்த்தேன் என்கிறான் வெண்டல். தவறிச் சுட்டவன் எவன்தான் ஒப்புக்கொண்டிருக்கிறான்? போதாக்குறைக்கு, முந்தின நாள்தான், மானுக்காகக் காத்திருக்கும் மர மேடை யாருக்கு என்று இருவரும் முட்டிக்கொண்டார்கள். இனி குடிசைப் பக்கம் வராதே என்று கூட வேட்டையாடும் மற்றவர்கள் ஆர்வோவிடம் சொல்லிவிட்டார்கள். அந்தக் காட்டூரில் குடிசையில் இடமில்லாதவனை யாரும் ஆளாக மதிப்பதில்லை.

"ஷெரிஃப் ஆபீஸ்ல நல்லா இருக்குன்னுதானடா திருப்பிக் குடுத்தாங்க?"

"கதகதன்னு இருக்கிற ரூம்ல வச்சுப் பார்த்தா நல்லாத்தான் இருக்கும். திறந்து பாரு அக்கா. அப்புறமும் என்மேல சந்தேகம்னா நான் இந்தப் பக்கமே வரலை."

அவன் போன பிறகு, தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் போல்ட்டை இழுத்து விட்டுப் பார்த்தாள். சீராக ஓடியது. விசையும் ஒழுங்காகவே இருந்தது. பொய்தான் சொல்கிறான் என்று நினைத்தாள். பிறகு போல்ட்டைக் கழற்றினாள். தோட்டாவைத் தட்டும் ஊசி ஓடுகிற துளையில் சிவப்பாக, பிசுபிசுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. மோந்து பார்த்தாள். மரம் அறுக்கும் ரம்பத்துக்கு ஊற்றும் எண்ணெய்.

போன் போட்டு, "இதுல என்னத்தடா ஊத்தின?" என்றாள்.

"நான் எங்க ஊத்தினேன்? சீசனுக்கு முந்தின சாயங்காலம் எல்லார் துப்பாக்கியையும் வாங்கித் துடைச்சு வைக்கிறது உன் வீட்டுக்காரன்தானே."

ஆர்வோவிடம் ரம்பம் கிடையாது. வெண்டலுக்கு அதுதான் பிழைப்பு. அப்படியும் அவளுக்கு நம்ப மனமில்லை. எண்ணெயைத் துடைக்காமல் போல்ட்டைத் திரும்பப் பூட்டி, மான்கறி வைக்கும் ஃப்ரீசருக்குள் ரைஃபிளை வைத்தாள்.

மறுநாள் எடுத்து, மருந்தும் குண்டும் இல்லாத, ஊசி தட்டினால் வெடிக்கும் கேப்பு மட்டும் உள்ள தோட்டாக் கூட்டைப் போட்டாள். விசைப் பக்கம் கையே கொண்டுபோகாமல் போல்ட்டை முன்னால் தள்ளினாள். பட்டென்று வெடித்தது. குளிரில் எண்ணெய் இறுகி, ஊசி முன்பக்கமே நின்று, போல்ட் மூடும்போதே கேப்பைத் தட்டிவிட்டது.

சத்தம் கேட்டு வெண்டல் நொண்டிக்கொண்டு வந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது.

"துப்பாக்கி எண்ணெய் தீர்ந்துபோச்சு. கைக்கு எட்டினதை ஊத்திட்டேன்."

"எப்ப தெரிஞ்சுது உனக்கு?"

"ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்பவே தோணுச்சு. சொன்னா, இத்தனை வருஷமா துப்பாக்கி பார்க்கிறவனுக்கு இதுகூடத் தெரியலையான்னு சாகுற வரைக்கும் கிண்டல் பண்ணுவானுங்க."

"அதுக்காக என் தம்பிய விட்டுக்குடுத்தியா?"

ஒரு வருடம் இந்த மனிதனை நம்பித் தம்பியிடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்ததை நினைக்க அவளுக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. போனை அவன் கையில் திணித்தாள்.

"ஆர்வோ, நான் வெண்டல். உன் துப்பாக்கியில ரம்பத்து எண்ணெயை ஊத்தினது நான்தான். உன் விரலை நான் பார்க்கவே இல்லை."

திட்டப் போகிறான் என்று வெண்டல் கண்ணை மூடிக்கொண்டான்.

"மத்தவங்க துப்பாக்கியிலயும் அதையே ஊத்தினியா?"

"ஆமா. அன்னைக்கே வேட்டை நின்னுபோச்சு, இந்த வருஷம் கால் இப்படி இருக்கிறதால நான் போய்த் துடைக்கவும் இல்லை. அதுல ரெண்டு உன்னுது மாதிரி அதே ரகம்தான்."

"விடிஞ்சா சீசன். குடிசையில போனும் எடுக்காது. நான் இப்பவே கிளம்புறேன்," என்றான் ஆர்வோ. "ஆனா நான் சொன்னா அங்க எவன் நம்புவான்? நீயும் வா. உங்க வீட்டு வாசல்ல வந்து நிக்கிறேன்."