இனிப்புத் தேநீரும் ஒரு மாத்திரையும்

"மாத்திரை எங்கேம்மா?"

"எந்த மாத்திரை?" என்றாள் அம்மா. டௌலியூ நகரத்திலேயே பொய் சொல்லத் தெரியாத ஒரே பெண்பிள்ளை அவள்தான். வாய் கேட்டு முடிப்பதற்குள் கண் சாமி மேடைக்குப் போய்விட்டு வந்தது.

பெய்-சென் ஊதுவத்தி டப்பாவைத் திறந்தாள். உள்ளே மாத்திரை அட்டை சந்தன வாசனையோடு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

"இன்னிக்கு ஒரு நாள் போடாதடி. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்ற நேரம். கல்யாணம் ஆனதும் மொத்தமா விட்டுடலாம். அவங்களுக்கு எதுக்குத் தெரியணும்?"

"அண்ணன் கல்யாணத்துக்காக ஒரு தடவை விட்டேன். ஃபிரிட்ஜ் என்னைத் திட்ட ஆரம்பிச்சுது, மறந்துட்டியா?"

மறக்க முடியுமா? அது திட்டிய திட்டில் உள்ளே இருந்த முட்டைகளே கூசிப்போயிருக்கும். பெய்-சென் குப்பை வண்டியைக் கைதட்டி நிறுத்தி, "இதை ஏத்திட்டுப் போங்க" என்று தெருவே கூடும்படி அழுதாள். பிறகு ஒரு குளிர்காலம் முழுக்க ஆஸ்பத்திரி.

மருந்து ஃபிரிட்ஜின் வாயை அடைத்தது. ஆனால் கூலி வாங்காமல் விடவில்லை. ஒரு பானை பன்றிக்கறிச் சோற்றைத் தின்றுவிட்டு, பானையையும் ஒரு பார்வை பார்க்கும் பசி. ஊதிப்போன உடம்போடு அவள் உட்கார்ந்தால் சோபா 'அம்மா' என்றது. தூங்கி எழுந்தால் தலையணையில் மீன் வளர்க்கலாம், அவ்வளவு எச்சில். கை நடுங்கும், நடந்தால் வீசாது. முகமோ மரம். இன்று வேடிக்கை சொன்னால், சிரிப்பு நாளைக்குத் தபாலில் வரும்.

"ரெண்டு மணிக்குப் போடுவேன்" என்று அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள்.

"அடிப்பாவி, ஒண்ணரை மணிக்கு வர்றாங்கடி!"

வந்தார்கள். பிள்ளையைப் பெற்ற லாய் அம்மாள் முன்னே. ஸ்கூட்டர் பழுது பார்க்கும் பிள்ளை ஜுன்-லியாங் பின்னே. தரகு பேசும் காவ் அக்கா எல்லாப் பக்கமும். காவ் அக்காவிடம் எதற்கும் ஒரு மங்கலப் பாட்டு உண்டு. நாய் கடித்தாலும் பல் பட்ட இடத்தில் பொன் விளையும் என்று பாடிவிடுவாள்.

பெய்-சென் தட்டில் இனிப்புத் தேநீர் கொண்டுவந்தாள். கோப்பைகள் கடகடவென்று ஆடின. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"தட்டு குலுங்குது, தங்கம் குலுங்குது! கோப்பை ஆடுது, மடியில பேரன் ஆடுறான்!" என்று பாடினாள் காவ் அக்கா.

லாய் அம்மாள் தலை முதல் கால் வரை அளந்தாள். "நல்ல உடம்பு. பத்துப் பிள்ளை தாங்கும். கை வீசாம நடக்கிறா பாத்தியா? அடக்கம்! வந்ததுலேர்ந்து வாயே தொறக்கல, முகத்துல ஒரு சுளிப்பில்ல. என் மூத்த மருமகளும் இருக்காளே! நான் ஒண்ணு சொன்னா அவ ஒம்போது சொல்லுவா."

பெண் பிடித்திருந்தால் குடித்த கோப்பையோடு சிவப்பு உறையில் பணம் வைக்க வேண்டும். லாய் அம்மாள் வைத்த உறையின் கனத்தில் தட்டு ஒரு பக்கம் சாய்ந்தது. அம்மாவுக்கு ஆனந்தக் கண்ணீரே வந்துவிட்டது.

அப்போது கடிகாரம் இரண்டு அடித்தது.

பெய்-சென் எல்லார் எதிரிலும் அட்டையைக் கிழித்து, ஒரு மாத்திரையை வாயில் போட்டு, மிச்சத் தேநீரைக் குடித்தாள்.

"என்ன மாத்திரை அது?"

"சத்து மாத்திரை!" என்றாள் அம்மா. "தலைவலி!" என்றாள் காவ் அக்கா, அதே மூச்சில்.

"மனநோய்க்கு, அத்தை" என்றாள் பெய்-சென். "இல்லாத குரலெல்லாம் கேக்கும். இது இருந்தா கேக்காது. இதை ஒருநாளும் விடமாட்டேன். இவ்வளவு நேரம் நீங்க புகழ்ந்தீங்களே, உடம்பு, நடை, அடக்கம், அதெல்லாம் என் குணமில்ல. இந்த மருந்தோட பக்க விளைவு."

காவ் அக்கா வாயைத் திறந்தாள். இதற்குப் பாட்டு இல்லை. மூடிக்கொண்டாள்.

லாய் அம்மாள் உறையைத் தட்டிலிருந்து உருவிப் பையில் போட்டாள். "எழுந்திரு" என்றாள் மகனிடம். அவன் பெய்-சென்னை ஒருமுறை ஏக்கமாகப் பார்த்துவிட்டு எழுந்தான். எந்த மாத்திரையும் சாப்பிடாமலே அவ்வளவு அடக்கம்.

வாசலில் செருப்பை மாட்டிய லாய் அம்மாள் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு பெய்-சென்னின் காதருகே குனிந்தாள்.

"ஏம்மா... அந்த மாத்திரை பேரு என்ன? என் மூத்த மருமகளுக்குக் குடுக்கலாமா?"

பெய்-சென்னுக்குச் சிரிப்பு வந்தது. தபாலில் இல்லை, அந்த நிமிஷமே, வயிறு குலுங்க, தெரு திரும்பிப் பார்க்க வந்தது.

"சீட்டு இல்லாமக் குடுக்க மாட்டாங்க, அத்தை. யாருக்குக் கோளாறுன்னு டாக்டர் நேர்ல பாத்துத்தான் எழுதுவார். ஒண்ணு செய்யுங்க, முதல்ல நீங்க வாங்க!"

செருப்புச் சத்தம் முனை திரும்பும்வரை அம்மா விம்மிக்கொண்டிருந்தாள். அப்புறம் அந்த விம்மலுக்குள்ளிருந்தே ஒரு சிரிப்பு பிய்த்துக்கொண்டு கிளம்பியது. மூக்கைத் துடைத்தபடி மகள் கையிலிருந்த மாத்திரை அட்டையை வாங்கினாள். சாமி மேடைப் பக்கம் போகவில்லை. சாப்பாட்டு மேஜையில், சோயா சாஸ் பாட்டிலுக்குப் பக்கத்தில், வருகிறவர் கண்ணில் படும்படி வைத்தாள்.