திரையில் ஒரே ஒரு லாரி

ஜெரின் ஒன்றும் பெரிதாகச் செய்துவிடவில்லை. திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டின் மென்பொருளில், ஃபைலில் எழுதுவதற்கென்று ஆளாளுக்கு எழுதிவைத்திருந்த நாலைந்து ஃபங்ஷன்களை, அதாவது நிரல் துண்டுகளை, ஒன்றாகச் சுருக்கினான். ‘சுத்தம் செய்தேன்’ என்று குறிப்பும் போட்டான். சுத்தமாகத்தான் போயிருந்தது. திங்கட்கிழமை காலை வாசல் திரையில் லாரி வரிசையே இல்லை. கடைசியாக வந்த வேலப்பனின் வண்டி மட்டும் முதல் ஆளாய் நின்றது.

பழைய ஃபங்ஷன்களில் ஒன்று, இருப்பதன் அடியில் சேர்த்து எழுதும். மற்றவை, இருப்பதை அழித்துவிட்டு எழுதும். புதியதில், எதுவும் சொல்லாவிட்டால் அழித்துவிடு என்று ஜெரின் வைத்திருந்தான். வரிசை ஃபைலுக்குச் ‘சேர்த்து எழுது’ என்று சொல்ல மறந்திருந்தான். வந்த லாரி ஒவ்வொன்றும் முன்னால் வந்ததைத் துடைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டது. நல்ல சாஃப்ட்வேர் என்று பாராட்டியது வேலப்பன் மட்டும்தான்.

யார்டு முதலாளி ஞானதுரை கத்தவில்லை. “கடைசியில வந்தவன முதப் பந்தியில உக்கார வச்சிருக்கியே தம்பி, உங்க வீட்டு விசேஷமா? போயி வரிசைய எடுத்துட்டு வா. பொறவு நீ இந்த வேலையில இருக்கணுமான்னு நவ்ரீன் சொல்லட்டும்.”

நவ்ரீன்தான் குழுவின் மூத்தவள். ஜெரின் எழுதியதைப் பார்த்து ‘ஓகே’ போட்டு ஏற்றியவளும் அவள்தான். இருவரும் வெயிலில் இறங்கினார்கள்.

ஓட்டுநர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வந்ததும் “கடைசி யாரு?” என்று கேட்டு அவனை அடையாளம் வைத்துக்கொள்வார்கள், அப்புறம் கிடைத்த சந்தில் வண்டியைச் செருகிவிட்டு டீ குடிக்கப் போவார்கள். ஆகவே வேலப்பனில் தொடங்கிப் பின்னோக்கித்தான் நடக்க வேண்டும்.

“உங்களுக்கு முன்னாடி யாருண்ணே?”

“கண்ணாடியில ஃபுட்பால் தொங்கினு கீது பாரு, வியாசர்பாடிக்காரன். அவன்.”

“அவருக்கு முன்னாடி?”

“அத்த அவனாண்ட கேளு மாமு. நான் இன்னா கம்ப்யூட்டரா?”

ஒவ்வொரு லாரிக்கும் நடுவில் ஜெரின் கேட்டான். “அக்கா, நான் வேலையில இருக்கேனா?”

“அடுத்த வண்டியப் பாரு.”

கடிக்க நகம் மிச்சமில்லாததால் பேனா மூடியைக் கடித்தான். “அந்த ஃபங்ஷன ரெண்டாப் பிரிச்சிடுறேன்க்கா. சேர்த்து எழுதறது தனி, மாத்தி எழுதறது தனி. பேரைப் பாத்தாலே தெரியணும். எதுன்னு சொல்லாம விட்டா ஓடவே கூடாது.”

“ம்.”

“நல்லதா, கெட்டதா?”

“வெயில் பாரு, பேஜாரா கீது” என்றாள் நவ்ரீன்.

கடைசியில் எர்ணாவூர் பக்கம் டயர் நிழலில் படுத்திருந்த ஒருவர், கண்ணைத் திறக்காமல் சொன்னார்: “எனக்கு முன்னாடி யாரும் இல்ல.”

வரிசை முழுதாகிவிட்டது. ஜெரினுக்குக் கேட்க வேறு லாரியும் இல்லை.

“அக்கா, நீங்க படிச்சிட்டுத்தான ஓகே போட்டீங்க? உங்களுக்கே அது தப்பாத் தெரியலையா?”

நவ்ரீன் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். துடைக்க வேர்வை இல்லாத பிறகும் துடைத்தாள்.

“நான் படிக்கவேயில்லடா. உன் பேரு இருந்துச்சு, போட்டுட்டேன். நீ இருக்க. ஞானதுரை அண்ணாச்சியாண்ட ரெண்டு பேரும் போய்ச் சொல்லுவோம்.”