கண்ணில்லாத மீன்

வீட்டில் அவளுக்கு மீன்காரி என்றுதான் பெயர். இத்தனை வருஷம் மீன் ஆராய்ச்சி செய்கிறாளே, சமைக்க ஒரு மீன்கூடக் கொண்டுவந்ததில்லையே என்பது அண்ணனின் ஓயாத கிண்டல். யாருமே பார்த்திராத மீன் ஒன்றையாவது கண்டுபிடித்துவிட வேண்டும் என்று அவள் கிடந்து தவிப்பது அவனுக்கு எங்கே புரியப் போகிறது?

அன்று காலை ஊரிலிருந்து அண்ணி போனில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். வீட்டுக் கிணற்றில் இறைத்த வாளித் தண்ணீரில் சிவப்பு நூல் துண்டு போல ஏதோ ஒன்று. பெரிதாக்கிப் பார்த்தாள். செவுள் இருந்தது, கண் இல்லை. பூமிக்கடியில், பாறை இடுக்குத் தண்ணீரில், வெளிச்சமே அறியாமல் வாழ்கிற மீன். இப்படி ஒரு தலையை அவள் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை.

உடனே கூப்பிட்டாள். "அண்ணி, அது எங்க?"

"ஏதோ புழுன்னு அப்பவே சாக்கடையில ஊத்திட்டேனே!"

போனது போகட்டும், கிணற்றில் இன்னும் இருக்கும். ஆனால் விஷயத்தைச் சொன்னால் அண்ணன் ஊரெல்லாம் தம்பட்டம் அடிப்பான். ஆய்வுக்கூடத்தில் பக்கத்து மேஜைக்காரர் மோப்பம் பிடித்து முந்திக்கொள்வார். வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தாள்.

"தண்ணியில ஏதோ கிருமி இருக்கும்போல. நான் வர்ற வரைக்கும் யாரும் கிணத்துல வாளி போடாதீங்க."

பஸ்ஸில் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கண்ணாடிக் குப்பியைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். பக்கத்தில் இருந்த அம்மாள் பொறுக்கமாட்டாமல், "வீட்ல யாருக்காவது பிரசவமா? இப்படித் தவிக்கிறியே!" என்று கேட்டேவிட்டாள்.

கேட்டைத் திறந்ததுமே மருந்து நெடி மூக்கில் ஏறியது. அண்ணன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, பெரிய காரியம் சாதித்தவன் மாதிரி நின்றான்.

"பிள்ளைங்க குடிக்கிற தண்ணியாச்சே, பதறிட்டோம்! ஒரு மூட்டை பிளீச்சிங் பவுடரை அப்படியே கொட்டிட்டேன். இனி ஒண்ணும் தப்பாது."

அவள் கிணற்றடிக்கு ஓடினாள். தண்ணீர்மேல் சிவப்பு சிவப்பாக மிதந்தன. ஒன்றும் அசையவில்லை. புது மீன் என்று பதிவு செய்து பெயர் வைக்கச் செத்த மீனே போதும். அதைக் கெடாமல் மருந்தில் போட்டு வைப்பதுதான் அவள் துறையின் வழக்கம். அவள் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. அந்த நினைப்பே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

அண்ணி பின்னாலேயே வந்து அவள் தோளைத் தொட்டாள். "நல்லவேளை, நீ சொன்னே. சொல்லலேன்னா என்ன ஆயிருக்கும்?"

"உயிரோட இருந்திருக்கும் அண்ணி" என்றாள்.