குறுக்கே எழுந்த சுவர்

தையல் கூடத்துக்கும் குழந்தைகள் காப்பகத்துக்கும் நடுவே தொங்கிய திரையை எடுத்துவிட்டு, பெண்கள் கவனம் சிதறாமல் தைக்கட்டும் என்று அகதி முகாம் அலுவலகம் சுவர் எழுப்பியது. அன்றிலிருந்து வேலை படுத்துவிட்டது. குண்டுச் சத்தத்தில் பிள்ளைகளை வாரிக்கொண்டு ஓடி வந்தவர்கள் அவர்கள். பிள்ளையின் குரல் கேட்காவிட்டால் மிஷினில் கால் நிற்காது. ஆள் மாற்றி ஆள் எழுந்து எட்டிப் பார்க்க ஓடினார்கள். பள்ளிச் சீருடைகளை மாலைக்குள் தராவிட்டால் அடுத்த ஆர்டர் கிடையாது.

சுவரைப் பார்க்க வந்த அதிகாரியைத் தையல் கூடத்து மேற்பார்வைக்காரி பிடித்துக்கொண்டாள்.

"சார், இதை இடிச்சிடுங்க."

"பிள்ளைங்க பத்திரமாத்தானேம்மா இருக்காங்க?"

"அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவங்க காதுக்குத் தெரியணுமே!"

"இப்பத்தான் பெயின்ட் அடிச்சிருக்கு. பணம் குடுத்தவங்க வந்தா என்னத்தைக் காட்டுறது?"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். தன் மிஷினை விட்டுவிட்டு, இரண்டு வாசலுக்கும் நடுவில் போய் நின்று கத்தினாள்.

"உன் பொண்ணு தூங்குறா, நீ தைடி! அக்கா, உங்க மகன் அடுத்தவன் காதைக் கடிக்கிறான், நல்லாத்தான் இருக்கான்!"

கூடத்தில் சிரிப்பு எழுந்தது, மிஷின்களும் ஓடின. ஆனால் காலர் வைக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். காலர் இல்லாத சட்டைகள் அவள் மேசையில் குவிந்துகொண்டே போயின.